இரண்டு சர்க்காருக்கும் சாப்பிட்டவன்

1

இங்கே பாரீசில் வருஷத்துக்கு ஒரு முறை ஆபீசே நம்மை டாக்டரிடம் அனுப்பிவைக்கிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சும்மா போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். நன்றாக இருக்கிறவனை டாக்டரிடம் அனுப்பும் ஊரை இங்கே வந்துதான் பார்த்தேன். நம்ம ஊரில் டாக்டர் வீட்டுப் படி ஏறினாலே, பாதிக் காரியம் முடிந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை என் முறை. முதலில் ஒரு தாதி கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிறந்த ஊர்? புதுச்சேரி. நாடு? அங்கேதான் வண்டி நின்றது. போன வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்து 'பிரெஞ்சு இந்தியா' என்று சொன்னேன். இந்த ஆகஸ்ட் மாதத்தோடு காகிதத்திலும் அப்படி ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. ஊர் எட்டு வருஷத்துக்கு முன்பே கைமாறிவிட்டது, இந்த வருஷம்தான் கையெழுத்து முழுசாக முடிந்தது என்று அவளுக்கு விளக்கினேன். "எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள், முசே. வெளியே இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்றாள். 'இந்தியா' என்றேன். எழுதிக்கொண்டாள்.

உள்ளே டாக்டர் சின்ன வயசுக்காரர். நின்று செய்யும் வேலையா, உட்கார்ந்து செய்யும் வேலையா என்று கேட்டார். உட்கார்ந்துதான், கணக்குப் பிரிவு. நடப்பது உண்டா? ரயிலடி வரைக்கும். பிறகு, "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும். இதே கேள்வியை எங்கள் ஊரில் ஒரு டாக்டர் கேட்டார். பதில் சொல்வதற்கு என் மனைவியையும் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் போகவேண்டியிருந்தது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, எடையும் போன வருஷத்து எடைதான். வெளியே வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. சோதனை நாளில் பாதி நாள் வராவிட்டாலும் எங்கள் பிரிவில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆபீஸ் கேண்டீனுக்குத் திரும்பிப் போவதற்குள் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருப்பார்கள். வீட்டுக்குப் போகும் ரயில் எதிரிலேயே நின்றது. ஏறிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில், வேலை நாள் மத்தியானத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. அந்த நேரத்தில் அஞ்சலாட்சி என்ன செய்கிறாள் என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. அவள் சொல்வதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்வதை நம்பி ஒரு தடவை ஏமாந்தவன் நான். சோதனையில் தேறிய சந்தோஷம் போய், பழைய பயம் திரும்பி வந்தது.

2

கொடி மாறுவதற்கு முன்னால், கடற்கரைப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆபீஸ் காலை எட்டு மணிக்குத் திறக்கும். பதினொன்றரைக்குப் பூட்டிவிடுவார்கள். மறுபடி மூன்று மணிக்குத்தான் கதவு திறக்கும். உச்சி வெயிலில் வேலை பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்பது வெள்ளைக்காரர்களின் தீர்மானம். எங்களுக்கும் அதில் மறுப்பு இல்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்து வருவேன். குருசுக்குப்பத்து மீன்காரம்மா காலையில் போட்டுவிட்டுப் போன மீன் அதற்குள் குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கும். சுடச்சுடச் சோறு. பிறகு ஒரு தூக்கம். எழுந்து முகம் கழுவி, காபி குடித்து, மறுபடி நடை. ஆறு மணிக்குத் திரும்ப நடை. போகவும் வரவும் நாலு நடை. அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. கால் இருக்கிறவன் நடந்தான், அவ்வளவுதான்.

சோற்றின் அளவைச் சொல்ல வேண்டும். நாங்கள் தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்துப் பிழைக்கிற குடும்பம். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் அண்ணன் ஏர் பிடிக்கிறவர். எங்கள் வீட்டு அளவு என்பது, சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றினால் கரை உடையாமல் நிற்க வேண்டும். அண்ணன் அதைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் போய் உழுவார். நான் அதே குவியலைச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் போய் விழுவேன். அண்ணன் மூங்கில் குச்சி மாதிரி இருப்பார். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த நாலு நடை என்னை ஓரளவுக்குக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

3

ஐம்பத்து நாலு நவம்பரில் கொடி மாறியது. நானும் தெருவில் நின்று கத்தினேன், மிட்டாய் கொடுத்தேன், தொண்டை கட்டிக்கொண்டது. ஊர் நம்முடையது ஆகிவிட்டது என்ற சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் கொஞ்ச நாளில் ஆபீஸ் மணியையும் மாற்றினார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஒரே மூச்சாக வேலை. நடுவில் ஒரு மணிக்கு ஒரு மணி நேரம் இடைவேளை.

இப்படி ஒரு நேரத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. சென்னைப் பக்கத்திலிருந்து வந்த புது அதிகாரிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். அவர்கள் காலை ஒன்பதரைக்கே முழுச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ். நானும் வீட்டில் போய்ச் சொன்னேன். அஞ்சலாட்சி விடியற்காலையில் எழுந்து சாம்பார், பொரியல், ரசம் என்று வைத்து ஒன்பதரைக்கு இலை போட்டாள். டப்பாவில் புளிச்சோறோ, எண்ணெய்ப் பொடி தடவிய இட்லியோ கட்டிக் கொடுத்தாள்.

அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. மீன்காரம்மா வருவது பத்து மணிக்கு மேல்தான். அவளுக்கு எந்தச் சர்க்காரும் நேரம் மாற்றவில்லை. அஞ்சலாட்சி கல்யாணமாகி வந்தது பழைய சர்க்காரில். பத்து மணிக்கு மீன் வாங்கி, பதினொன்றரைக்குக் குழம்பு இறக்குவது அவள் கைக்குப் பழகிவிட்டது. ஆகவே மத்தியானச் சோறும் வழக்கம்போல ஆனது. நான் ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழையும்போது அது மூடிவைத்துக் காத்துக்கொண்டிருக்கும்.

"கை கழுவிக்கிட்டு வாங்க. மத்தியானச் சோறு அப்படியே இருக்குது" என்பாள்.

வாசனை வேறு இழுக்கும். உட்கார்ந்துவிடுவேன். பிறகு ஒன்பது மணிக்கு ராத்திரிச் சாப்பாடு.

நடுவில் ஆபீஸ் வேறு இருக்கிறது. பதினோரு மணிக்கு எதிர்க்கடையிலிருந்து காபியும் வடையும் வரும். நாலு மணிக்கு போண்டா. யாராவது ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், இல்லாவிட்டால் சம்பளம் உயர்ந்திருக்கும், அதற்கு ஜாங்கிரி. இதெல்லாம் எங்கள் கணக்கில் சாப்பாடே இல்லை. வடை பலகாரம். காபி தாகத்துக்கு. புளிச்சோறு கட்டுச்சோறு, அது பிரயாணத்தில் சேர்ந்தது. வீட்டில் இலையில் விழுந்து குழம்பு ஊற்றினால்தான் சாப்பாடு. இதற்கு நடுவே நானும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டேன். நாலு நடை ரெண்டாகி, அந்த ரெண்டும் மிதியாகிவிட்டது.

எனக்குப் பக்கத்து மேசை இஸ்மாயில். அவனுடைய அண்ணனுக்குப் பெரிய மார்க்கெட் அருகில் தானியக் கடை. சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். மூட்டை நிறுக்கிற தராசு ஒன்று அங்கே உண்டு. ஒரு நாள் விளையாட்டுக்கு அதன் பலகையில் ஏறி நின்றேன். எதிர்த் தட்டில் ஒரு மூட்டை அரிசியை வைத்தார்கள். மூட்டை மேலே போய்விட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

இஸ்மாயில் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். வீட்டில் நான் சாப்பிடுவதையெல்லாம் தினமும் அவனிடம்தானே சொல்வேன்.

"யோவ், புரிஞ்சிடுச்சுய்யா. காலைல ஒம்பதரைக்கு இந்தியாக்காரன் சாப்பாடு. சாயங்காலம் மூடி வெச்சிருக்கிற பிரெஞ்சுக்காரன் சாப்பாடு. ரெண்டு சர்க்காருக்கும் நீ ஒருத்தனே சாப்பிடுறே" என்றான்.

ஆபீஸ் முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

4

சிரிப்பு நின்றது எங்கள் பெரிய குமாஸ்தா செத்தபோது. அவரும் எங்களைப் போலத்தான், நாற்காலியும் வடையும். பிடரியில் ஒரு கட்டி வந்தது. ராஜபிளவை என்றார்கள். உடம்பில் சர்க்கரை இருந்தால் ஆறாது என்றார்கள். ஆறவில்லை.

அதற்குச் சில வாரம் முன்பிருந்தே எனக்குத் தாகம். ஒரு கூஜாத் தண்ணீர் பத்தாது. நான் அதை வெயில் என்று வைத்துக்கொண்டிருந்தேன். பெரிய குமாஸ்தாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, கொல்லைப்புறத்தில் நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு வரிசை கட்டியிருப்பதைப் பார்த்தேன். அதை வெயில் என்று வைத்துக்கொள்ள முடியவில்லை. மல்லிகா பிறந்து அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் பழைய சர்க்காரின் ஊழியர்களில் சிலருக்குப் பிரான்சில் வேலை கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. என் பெயரும் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். உயிர் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம், இரண்டும் ஒரே டாக்டரின் கையெழுத்தில் தொங்கின.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்த தமிழ் டாக்டர் அவர். சைகோன் டாக்டர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரோடு விட்டு, சாராய விளக்கில் காட்டினார். நீலம் நீலமாகவே இருந்தால் பிழைத்தேன். அது மெல்லப் பச்சையாகி, என் கண் எதிரிலேயே மஞ்சளாகிவிட்டது.

"செங்கல் கலர்ல போகல. அதுவரைக்கும் நல்லது" என்றார். "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறே?"

"ரெண்டு வேளை சோறு டாக்டர். ராத்திரிக்குக் கொஞ்சம்."

மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். என் கணக்கில் அது உண்மை. அவர் என் தொப்பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு உன் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வா. ஆம்பளை சாப்பிட்டதை ஆம்பளைகிட்ட கேட்டா உருப்படாது."

5

மறுநாள் அஞ்சலாட்சி மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"உன் வூட்டுக்காரரு என்னம்மா சாப்பிடுறாரு?"

"ஒண்ணுமே சாப்பிடுறதில்ல டாக்டர்" என்றாள் அஞ்சலாட்சி. "புது டயம் வந்ததிலேர்ந்து பாதியா எளைச்சிப் போயிட்டாரு. நீங்களே பாருங்களேன்."

டாக்டருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். சாப்பாடு என்ற வார்த்தையை விட்டுவிட்டார். காலையில் எழுந்ததிலிருந்து அவர் வாய்க்குள் போவதையெல்லாம் சொல் என்றார். அவள் சொன்னாள். நான் வடையைச் சேர்த்தேன். அவள் புளிச்சோற்றைச் சேர்த்தாள். நான் ஜாங்கிரியைச் சேர்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஜாங்கிரி அவளுக்குத் தெரியாது. சொல்லி முடிக்கிறபோது எங்கள் இரண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். மல்லிகா சிணுங்க ஆரம்பித்தாள், அஞ்சலாட்சி அவளை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். மாற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதை டாக்டர் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

"நீ எப்பம்மா சாப்பிடுவே?"

"அவரு சாப்பிட்டப்புறம்."

"அவருதான் ஓயாம சாப்பிடுறாரே. எதுக்கப்புறம்?"

"மத்தியானச் சோத்துக்கு அப்புறம். அவரு அஞ்சரைக்கு வந்து சாப்பிடுவாரு. அதுக்கப்புறம்."

"அதுவரைக்கும்?"

"காலைல காபி குடிச்சிடுவேன்."

"ஒம்பதரைக்கு அவருக்கு இலை போடுறியே, அப்ப நீ சாப்பிடுறதில்லயா?"

"அது ஆபீஸ் சாப்பாடு டாக்டர். எனக்கென்னா ஆபீசா?" என்றாள்.

டாக்டர் எழுந்து வந்து அவள் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. பால் குடிக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் குடித்த ஒரு டம்ளர் காபியோடு சாயங்காலம் ஐந்தரை மணி வரைக்கும் இருந்திருக்கிறாள். பக்கத்திலேயே மீன் குழம்பு மூடிவைத்திருக்கிறது. கொடி மாறியதிலிருந்து இப்படித்தான்.

"ஒரே அடுப்பிலேர்ந்து ரெண்டு சீக்கு" என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் கழிச்சி ரெண்டு பேரும் வாங்க. குழாய் நீலமா வந்தா கையெழுத்துப் போடுறேன். இவ கண்ணு சிவக்கலன்னா, குழாய் நீலமா வந்தாலும் போட மாட்டேன்."

6

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவளைத் திட்டினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும்.

"பசிச்சா எடுத்துப் போட்டுத் தின்ன வேண்டியதுதானே? யாரு வேணாம்னாங்க?"

"நீங்க பட்டினியா ஆபீசுல ஒக்காந்திருக்கீங்க, நான் இங்க மீன் கொழம்பு ஊத்தித் தின்னுவனா?"

"நான் எங்கடி பட்டினி கெடந்தேன்? இப்பதானே எல்லாம் கேட்டே?"

"அது எனக்கு இன்னிக்குத்தானே தெரியும். ஜாங்கிரி வேற."

அவள் மீதும் தப்பில்லை. அவள் பிறந்த வீட்டிலும் எங்கள் வீட்டிலும் பெண்கள் புருஷன் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார்கள். நிலத்தில் வேலை செய்கிறவன் உச்சிப் பொழுதில் வீட்டுக்கு வந்துவிடுவான், அல்லது கஞ்சி அவனைத் தேடிப் போகும். அதிகம் போனால் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து பத்து மணி ஆபீசில் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

சாப்பிட்டுவிடு என்று உத்தரவு போட்டேன். சரி என்றாள். நான் நம்பிவிட்டேன். எனக்கோ பாகற்காய், வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி என்று ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வழக்கமான சாப்பாட்டில் ஒன்றையும் குறைக்காமல், அதற்கு மேல் சாப்பிட்டேன்.

இஸ்மாயிலுக்கு நோன்பு மாதம் வந்தது. பக்கத்து மேசையில் ஒருவன் எச்சில்கூட விழுங்காமல் இருக்கும்போது எதிரில் டப்பாவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அவனானால், "நீ தின்னுய்யா, என்னோட சேத்து நீயும் நோன்பு வெச்சா சர்க்காரு என்னாவுறது?" என்று கேலி செய்தான். அன்று ஒரு மணிக்கு டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் பஞ்சர். நடந்தேன். கால் தானாக வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

அஞ்சலாட்சி கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள்.

"வேலை போயிடுச்சா?"

நேராக அடுப்படிக்குப் போனேன். சோறு மூடியிருந்தது. குழம்பு மூடியிருந்தது. அவளுடைய தட்டு கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்து கிடந்தது. சாப்பிட்டுவிட்டேன் என்று தினமும் என்னிடம் சொன்னதெல்லாம் பொய்.

அன்றைக்கு நான் திட்டவில்லை. திட்டினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். "இருபது நிமிஷந்தான் இருக்குது. நீ ஒக்காந்தாதான் நானும் சாப்பிடுவேன். இல்லன்னா ரெண்டு பேரும் பட்டினி" என்றேன். புருஷன் பட்டினியாக ஆபீசுக்குத் திரும்பிப் போவதை அவளால் தாங்க முடியாது. உட்கார்ந்தாள். என் எதிரில் சாப்பிட வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். முதல் கவளத்துக்கும் இரண்டாவது கவளத்துக்கும் நடுவில் அவள் மூச்சுவிடவில்லை. அவ்வளவு பசி.

மறுநாளும் போனேன். அதன் பிறகு தினமும் போனேன். எனக்காக என்று நினைத்திருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன். நான் போகாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள், அதனால் போனேன். மத்தியானம் வீட்டில் சாப்பிடுவதால் ஒன்பதரைக்கு முழுச்சாப்பாடு தேவைப்படவில்லை, இரண்டு இட்லி போதும். டிபன் பாக்ஸ் பரண் ஏறியது. ஐந்தரைக்கு மூடிவைத்த சோறு என்று ஒன்று இல்லை. நேரத்துக்கு வீடு போய்த் திரும்ப வேண்டிய அவசரத்தில் பதினோரு மணி வடை மறந்துபோனது. அந்த நடைக்காகச் சைக்கிளை விற்றுவிட்டேன். பழைய சர்க்காரின் நாலு நடை எனக்குத் திரும்பக் கிடைத்தது, தூக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

ஆபீசில் கேலி செய்தார்கள். "பொண்டாட்டிய விட்டு ஒரு வேளை இருக்க முடியாதா?" என்றார்கள். முடியாது என்றேன்.

7

இரண்டு மாதம் கழித்து டாக்டர் குழாயை விளக்கில் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அஞ்சலாட்சிதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலமாவே இருக்குதுங்க" என்றாள். "கண்ணைத் தொறங்க. நீலமாவே இருக்குது."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு அவள் இமையை இழுத்துப் பார்த்தார். பேனாவை எடுத்தார். அவள் உட்கார மறுத்த அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை தராசில் ஏறினேன். மூட்டை கீழேயே உட்கார்ந்திருந்தது, நான் மேலே போனேன். "மூட்டைல ஓட்டை வுழுந்துடுச்சுய்யா" என்றான் இஸ்மாயில். கப்பல் ஏறும் அன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, "அங்க மூணாவது சர்க்காருக்கும் சேத்துத் தின்னுடாதே" என்றான்.

8

அதைத்தான் இங்கே வந்த புதிதில் கிட்டத்தட்ட செய்யப் பார்த்தேன். மத்தியானம் கேண்டீனில் ரொட்டி, உருளைக்கிழங்கு, இறைச்சி, பால்கட்டி. ரொட்டி நம்ம ஊரில் காய்ச்சல்காரன் தின்பது, அதை எப்படிச் சாப்பாட்டில் சேர்ப்பது? சாயங்காலம் வீட்டில் சோறு. இந்தத் தடவை கொஞ்ச நாளில் நானே விழித்துக்கொண்டேன். கேண்டீனில் சாப்பிடுவதும் சாப்பாடுதான் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, ராத்திரிச் சோற்றைக் குறைத்தேன்.

அஞ்சலாட்சியின் விஷயம்தான் என் கையில் இல்லை. மத்தியானம் ரயில் பிடித்து வீட்டுக்குப் போய் வர முடியாது. "சாப்பிட்டியா?" என்று சாயங்காலம் கேட்பேன். "சாப்பிட்டேன்" என்பாள். அந்த வார்த்தையின் மதிப்பு எனக்குத் தெரியும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மல்லிகா வழி செய்துவிட்டாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இங்குள்ள நம்மவர்கள் எல்லாரும் புலம்புகிறார்கள், நானும் புலம்புகிறவன்தான். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. சோற்றை முள்கரண்டியால் குத்துகிறாள். ஆனால் அம்மா உட்காராமல் மேசையில் யாரும் சாப்பிட ஆரம்பிக்கக்கூடாது, அது மரியாதை இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மா வந்து உட்காரும் வரை அசைய மாட்டாள். நான் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம் அது. அந்த விஷயத்தில் அவள் கொஞ்சம் வெள்ளைக்காரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பேட்டையில் மீன் சந்தை. வந்த புதிதில் அஞ்சலாட்சிக்கு மீன் தலை என்பதற்குப் பிரெஞ்சு தெரியாது. தன் தலையைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். மீன்காரர் தூக்கிப் போட வைத்திருந்த தலையை எடுத்து, "பூனைக்கா, மதாம்?" என்று கேட்டிருக்கிறார். என்ன கேட்டார் என்று புரியாமலே இவள் "வி, முசே", ஆமாம் ஐயா, என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வாராவாரம் ஒரு பெரிய தலை இலவசம், கூடவே பூனை எப்படி இருக்கிறது என்று விசாரணையும். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. தலை குழம்பில் போய், ராத்திரி என் தட்டில் விழும். எங்கள் பக்கத்தில் தலை எப்போதும் வீட்டுக்காரனுக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். நாலு மாடி. மூச்சு வாங்கியது படி ஏறியதால்தான் என்று சொல்லிக்கொண்டேன். கதவுக்கு முன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே கவிழ்த்த தட்டைப் பார்க்கப்போகிறேன் என்றே நினைத்தேன். புளிக்குழம்பு வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. உள்ளே ரேடியோவில் யாரோ பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் திறந்தேன்.

அஞ்சலாட்சி ஜன்னலைப் பார்த்து, மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை எதிர் நாற்காலியின் மேல் நீட்டியிருந்தாள். அவளுக்கு முன்னால் தட்டு, தட்டு ஓரத்தில் எலும்புக் குவியல். கையில் ஒரு துண்டு ரொட்டி. அதைக் கொண்டு தட்டில் மிச்சமிருந்த குழம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டு, பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். இப்படி அவள் சாப்பிட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சுவர்ப்பக்கம் திரும்பாமல், அவசரமில்லாமல், யாருக்காகவும் இல்லாமல்.

தரைப்பலகை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தவள் ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அய்யோ, வேலை போயிடுச்சா?"

"போகல. டாக்டர்கிட்ட போனேன். எல்லாம் நல்லாருக்குதுன்னுட்டாரு. பசிக்குது."

அவள் முகம் மாறிவிட்டது. சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியாதே. ராத்திரிக்கு வேறதான் வைக்கலாம்னு இருந்தேன். ஒண்ணும் வைக்கலியே நான்."

சட்டியை எடுத்துப் பார்த்தேன். காலி. அடியில் ஒட்டிய குழம்பும் இரண்டு பூண்டும் மட்டும் இருந்தன. காலிச் சட்டியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டான். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, அவள் காலை நீட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, சட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். நல்ல உறைப்பு.

"தலை எங்கடி?" என்றேன்.

அவள் எலும்புக் குவியலைக் கையால் மறைத்துக்கொண்டாள். பிறகு அவளாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பூனை தின்னுடுச்சுங்க" என்றாள்.